டீச்சரைக் கேளுங்கள்: எதிரிக்குத் தெரிந்த ரகசியங்கள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "ஹிட்லரோடு போட்ட ரகசிய உடன்பாட்டை சோவியத் அரசு ஐம்பது ஆண்டுகள் இல்லையென்றே சொல்லி வந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிறைத்துவிட்டன. சிலர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். கோபமான கடிதத்தையே முதலில் எடுக்கிறேன்.

டீச்சர், நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா விவசாயச் சங்கத்துக்காரர். எனக்கு வைத்த பெயரே ஒரு ரஷ்யத் தலைவரின் பெயர். பாசிசத்தை வீழ்த்திய நாட்டைப் பற்றி நீங்கள் எழுதியது அமெரிக்கக்காரன் கட்டிவிட்ட கதை இல்லையா? (மன்னார்குடி வாசகர்)

தோழர், என் அப்பாவும் அதே கொடியைப் பிடித்தவர்தான். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். அதன் வழவழப்பான தாளில்தான் அப்பா என் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுப்பார். ஹிட்லரின் படையை முறித்தது செஞ்சேனை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அதனால் அமெரிக்கா சொன்னதை ஓரமாக வைத்துவிடுவோம். மாஸ்கோவின் காகிதங்களை மட்டும் பார்ப்போம்.

1939 ஆகஸ்ட் 23 அன்று சோவியத் வெளியுறவு ஆணையர் மொலோடோவும் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பும் மாஸ்கோவில் கையெழுத்திட்டார்கள். "ஒருவரை ஒருவர் தாக்க மாட்டோம்" என்ற பகுதி செய்தித்தாளில் வந்தது. கூடவே ஒரு பின்னிணைப்பு இருந்தது, அது வரவில்லை. நாரெவ், விஸ்துலா, சான் என்ற மூன்று ஆறுகளைக் கோடாக வைத்து போலந்தை இரண்டாகப் பங்கு போட்டது அந்தப் பின்னிணைப்புதான். பின்லாந்து, எஸ்தோனியா, லாட்வியா ஆகியவற்றை சோவியத் பக்கம் தள்ளியதும் அதுதான். ஒப்பந்தம் ஆன ஒன்பதாவது நாள், செப்டம்பர் 1 அன்று ஹிட்லர் போலந்தில் நுழைந்தார். 17ஆம் தேதி கிழக்கே இருந்து சோவியத் படை நுழைந்தது.

போர் முடியும் தறுவாயில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் மைக்ரோபிலிம் சுருள்கள் பிரிட்டிஷாரின் கையில் சிக்கின. 1948இல் அமெரிக்கா அவற்றை அச்சிட்டது. மாஸ்கோ உடனே அதைப் பொய் என்றது. 1986இல் தொண்ணூற்றாறு வயதில் இறக்கும் வரை மொலோடோவ் அப்படி ஒரு பின்னிணைப்பே இல்லை என்றுதான் சொன்னார். கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

1989 ஆகஸ்ட் 23 அன்று, ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், தாலின் முதல் வில்னியஸ் வரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா என்ற மூன்று பால்டிக் பகுதி மக்கள் சாலையில் கைகோத்து நின்றார்கள். அந்த டிசம்பரில், யாகவ்லேவ் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையின் பேரில், சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேராயமே ரகசிய உடன்பாட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அப்போதுகூட "மூலப்பிரதி கிடைக்கவில்லை" என்றார்கள். 1992இல் அது கிடைத்தது, கட்சித் தலைமையின் சொந்த ஆவணக் காப்பகத்தில், ஒட்டி மூடிய உறைக்குள். 2019இல் ரஷ்யாவே அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டது. அமெரிக்கா 1948இல் அச்சிட்டதுதான் அதிலும் இருக்கிறது.

இதில் என்னை உலுக்குவது எது தெரியுமா? இந்த ரகசியத்தை யாரிடமிருந்து காத்தார்கள் என்பதுதான். ஹிட்லருக்குத் தெரியும், அவர் ஆள்தானே கையெழுத்திட்டார். 1945க்குப் பிறகு லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் தெரியும். தெரியாதவர்கள் சோவியத் குடிமக்களும், உங்கள் அப்பாவையும் என் அப்பாவையும் போல அந்த நாட்டைத் தூரத்திலிருந்து நேசித்தவர்களும்தான்.

நீங்கள் தபால்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கி மூன்று நாள் கழித்து, 1941 ஜூன் 25 அன்று, மக்கள் தங்கள் ரேடியோப் பெட்டிகளைத் தபால் தந்தி அலுவலகங்களில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீட்டில் மிஞ்சியது அரசு பேசுவதை மட்டும் பேசும் கம்பி ஒலிபெருக்கி. போர்முனையிலிருந்து வந்த கடிதங்கள் உறையில்லாமல் முக்கோணமாக மடித்தவை. தணிக்கைக்காரர் பிரித்துப் படிக்க அதுவே வசதியாக இருந்தது.

வெளிவந்த ஆவணங்களில் உங்களை மிகவும் பாதித்தது எது? (கும்பகோணம் கல்லூரி மாணவர்)

நாலு பக்கக் குறிப்பு ஒன்று. 1940 மார்ச்சில் உள்துறை ஆணையர் பெரியா ஸ்டாலினுக்கு எழுதியது. போலந்திலிருந்து பிடித்து வந்த படை அதிகாரிகள், காவல் துறையினர், அரசு ஊழியர்கள் முகாம்களில் 14,700 பேர், சிறைகளில் 11,000 பேர் இருக்கிறார்கள். இவர்கள் திருந்தாத எதிரிகள். விசாரணைக்கு அழைக்காமல், குற்றச்சாட்டைக் காட்டாமல் சுட்டுவிடலாம் என்று அதில் பரிந்துரைக்கிறார். முதல் பக்கத்தின் குறுக்கே கையெழுத்துகள்: ஸ்டாலின், வொரஷீலவ், மொலோடோவ், மிகோயான். ஓரத்தில் செயலாளரின் எழுத்தில் "கலீனின் சம்மதம், ககனோவிச் சம்மதம்" என்று இருக்கிறது. மார்ச் 5 அன்று முடிவானது. ஏப்ரல், மே மாதங்களில் நிறைவேற்றினார்கள்.

அந்தப் படை அதிகாரிகளில் பலர் நம்மூர்க் கணக்கில் சாதாரண ஆட்கள். டாக்டர், வாத்தியார், வக்கீல் என்று வேறு வேலை பார்த்தவர்கள், போர் வந்ததும் ரிசர்வ் படையில் அழைக்கப்பட்டவர்கள். கோசெல்ஸ்க் முகாமிலிருந்தவர்களை ஸ்மோலென்ஸ்க் பக்கம் கத்தீன் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொல்லப்பட்டவர்களில் ஒரே பெண் யானினா லெவன்தோவ்ஸ்கா, விமானி. மேஜர் ஆடம் சோல்ஸ்கி என்பவரின் உடலில் ஒரு டைரி கிடைத்தது. ஏப்ரல் 9ஆம் தேதியோடு அது நின்றுவிடுகிறது. கைதி வண்டியில் ஏற்றியதையும், ஒரு காட்டுக்கு வந்ததையும், சோதனை போட்டதையும், கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டதையும், கல்யாண மோதிரத்தைப் பற்றிக் கேட்டதையும் எழுதியிருக்கிறார். என்ன நடக்கப் போகிறது என்று அவருக்குச் சொல்லவே இல்லை.

1943 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் புதைகுழிகளைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார்கள். அந்த ஜெர்மானியர்களே லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தவர்கள், அதனால் பலர் நம்பவில்லை. மாஸ்கோ 1944 ஜனவரியில் அறுவை மருத்துவர் புர்தென்கோ தலைமையில் ஒரு குழு போட்டு, "1941இல் ஜெர்மானியர்கள்தான் சுட்டார்கள்" என்று அறிக்கை வாங்கியது. பள்ளிப் பாடத்தில், கலைக்களஞ்சியத்தில், நினைவுப் பலகையில் எல்லாம் அதுவே ஏறியது.

1959 மார்ச்சில் சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.யின் தலைவர் ஷெலேபின், ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைவரான குருஷ்சேவுக்குக் கையால் ஒரு குறிப்பு எழுதினார். மொத்தம் சுடப்பட்டவர்கள் 21,857 பேர் என்று அவரே கணக்குச் சொல்கிறார்: கத்தீனில் 4,421, கார்கவ் பக்கம் 3,820, கலீனின் நகரத்துப் பக்கம் 6,311, மேற்கு உக்ரைன், மேற்கு பெலரூஸ் சிறைகளிலும் முகாம்களிலும் 7,305. சுடப்பட்டவர்களின் தனித்தனிக் கோப்புகளால் இனி பயனில்லை, ஏதாவது எதிர்பாராத காரணத்தால் விஷயம் வெளியே வந்தால் அரசுக்குச் சங்கடம், அதனால் எரித்துவிடலாம் என்பது அவர் யோசனை. சாதாரணமாக ஒரு தட்டெழுத்தரிடம் போயிருக்க வேண்டிய காகிதம் இது. கையால் எழுதியிருக்கிறார் என்பதிலேயே எத்தனை பேர் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தார் என்பது தெரிகிறது.

இந்தக் காகிதங்கள் 'முதல் எண் உறை' என்று ஒட்டப்பட்டு, ஒரு பொதுச் செயலாளரின் அலுவலகத்திலிருந்து அடுத்தவரின் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1990 ஏப்ரல் 13 அன்று சோவியத் அரசு தன் ரகசியக் காவல்தான் செய்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் உறையை வெளியே காட்டவில்லை. 1991 டிசம்பரில் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகும்போது அது ரஷ்ய அதிபர் யெல்ட்சினிடம் போனது. 1992 அக்டோபர் 14 அன்று யெல்ட்சினின் தூதராக ஆவணத் துறைத் தலைவர் பிஹோயா வார்சாவுக்குப் போய் போலந்து அதிபர் வலேசாவிடம் நகல்களைக் கொடுத்தார். அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ரஷ்ய ராணுவ வழக்கறிஞர்கள் இது பற்றி நடத்திய விசாரணையை 2004இல் மூடினார்கள். மூடிய உத்தரவே ரகசியம் என்று வகைப்படுத்தப்பட்டது.

இறந்தவர்களின் மனைவிமார்கள் 1940 வசந்தத்தில் கடிதம் வராமல் போனதிலிருந்து காத்திருந்தார்கள். காத்திருந்த பலரை அதே ஏப்ரலில் குழந்தைகளோடு ரயிலில் ஏற்றி கசகஸ்தானுக்கு அனுப்பியும் விட்டார்கள். கொன்றவர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் உண்மை தெரிந்திருந்த காலம் முழுக்க, அந்தப் பெண்களுக்கு மட்டும் தெரியவில்லை.

ஹிட்லர் தாக்கப் போவதாக உளவாளிகள் ஸ்டாலினுக்கு முன்பே எழுதினார்களாமே? பிறகு எப்படி ஏமாந்தார்? (திருவையாறு வாசகர்)

எழுதினார்கள். பலர், பல முறை. பெர்லினில் ஜெர்மன் விமானப் படைத் தலைமையகத்துக்குள்ளேயே ஹாரோ ஷுல்ட்ஸே-பாய்சன் என்ற அதிகாரி இருந்தார். பொருளாதார அமைச்சகத்தில் ஆர்விட் ஹார்னக் இருந்தார். இருவரும் ஹிட்லரை வெறுத்த ஜெர்மானியர்கள். காசுக்கு வேலை பார்த்தவர்கள் இல்லை. "தாக்குதலுக்கான ஏற்பாடுகள் முழுதாக முடிந்துவிட்டன, எந்த நேரமும் அடி விழலாம்" என்ற அவர்களது தகவலை 1941 ஜூன் 17 அன்று அரசுப் பாதுகாப்பு (உளவு) ஆணையர் மெர்குலவ் ஸ்டாலினுக்கு அனுப்பினார். அந்தக் காகிதத்தின் மேலேயே ஸ்டாலின் தன் கைப்பட பதில் எழுதியிருக்கிறார். "இவன் தகவல் தருபவன் இல்லை, பொய் பரப்புகிறவன்" என்பது அதன் சாரம். நடுவில் தாயை இழுத்து ஒரு வசவும் இருக்கிறது, இந்தப் பக்கத்தில் அதை அச்சிட முடியாது. ஐந்தாம் நாள், ஜூன் 22 விடியற்காலையில், ஜெர்மன் குண்டு விழுந்தது.

பெர்லினில் ஹிட்லரின் ரகசியக் காவல் துறையான கெஸ்டாப்போவுக்குள்ளேயே இருந்த வில்லி லேமன் ஜூன் 19 அன்று சொன்னார். டோக்கியோவிலிருந்து ரிச்சர்ட் சோர்கே மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஏன் நம்பவில்லை? ஸ்டாலினுக்கு பிரிட்டன் மீது சந்தேகம், தங்களை ஜெர்மனியோடு மோதவிடப் பார்க்கிறார்கள் என்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. 1941 மார்ச் 20 அன்று ராணுவ உளவுத் துறைத் தலைவர் கோலிகவ் ஓர் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியின் படை எங்கெங்கே திரள்கிறது, எந்தத் திசைகளில் பாயும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில் முடிவுரையில், இந்த வசந்தத்தில் போர் வரும் என்ற தகவல்கள் பிரிட்டிஷ் உளவுத் துறையோ ஜெர்மன் உளவுத் துறையோ பரப்பும் பொய் என்று எழுதிவிட்டார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் பலர் சுடப்பட்டவர்கள். மேலே இருப்பவர் கேட்க விரும்புவதைத்தான் கீழே இருப்பவர் எழுதுவார். பொதுமக்களிடம் உண்மையை மறைத்துப் பழகிய அரசுக்குள்ளே, அதிகாரிகளும் ஒருவரிடம் ஒருவர் உண்மையை மறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது உறைக்கும்: வர்த்தக உடன்பாட்டின்படி தானியம் ஏற்றிய சோவியத் ரயில்கள் அந்தக் கடைசி இரவு வரை எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் சுட வரப்போகிறவனுக்கு முதல்நாள் ராத்திரி தானியம்.

ஷுல்ட்ஸே-பாய்சனையும் ஹார்னக்கையும் 1942 டிசம்பர் 22 அன்று பெர்லின் சிறையில் தூக்கிலிட்டார்கள். லேமனும் அதே மாதம் கொல்லப்பட்டார். சோர்கேயை ஜப்பானியர்கள் 1944 நவம்பர் 7 அன்று தூக்கிலிட்டார்கள். அவர் தங்கள் ஆள் என்று மாஸ்கோ வெளிப்படையாகச் சொன்னது 1964இல்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் உயிரிழப்பு 70 லட்சம், 2 கோடி, 2.7 கோடி என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. மாணவர்களுக்கு எதைச் சொல்ல? (பேரளம் பள்ளி ஆசிரியை)

2.7 கோடியைச் சொல்லுங்கள். கூடவே எந்த எண் எந்த ஆண்டு வந்தது என்பதையும் சொல்லுங்கள். 70 லட்சம் ஸ்டாலின் 1946இல் சொன்னது. 2 கோடி குருஷ்சேவ் 1961இல் சொன்னது. ஏறத்தாழ 2.7 கோடி என்பது 1990இல் கோர்பச்சேவ் சொன்னது. 1993இல் ராணுவம் தன் ரகசியக் கணக்கை வெளியிட்டபோது, படைவீரர்கள் மட்டும் ஏறத்தாழ 87 லட்சம் என்று வந்தது, அதாவது ஸ்டாலின் சொன்ன மொத்தத்தைவிட அதிகம். "ஓரடிகூடப் பின்வாங்காதே" என்ற 1942 ஜூலை 28ஆம் தேதி உத்தரவும் இப்படித்தான். பின்வாங்கினால் தண்டனைப் படை, பின்னால் தடுப்புப் படை என்று சொல்லும் அந்த உத்தரவைப் போர்முனையில் எல்லா வீரர்களுக்கும் படித்துக் காட்டினார்கள். முழு வாசகம் அச்சில் வந்தது 1988இல்.

நான் பல் செட் கட்டித் தருபவன். ஹிட்லர் தப்பி அர்ஜென்டினா போய்விட்டதாக வீடியோக்கள் வருகின்றன. பல்லை வைத்து அடையாளம் கண்டார்கள் என்கிறார்களே, முடியுமா? (நாகப்பட்டினம் வாசகர்)

உங்கள் தொழில்தான் அங்கே உண்மையைச் சொன்னது. 1945 மே மாதத் தொடக்கத்தில் பெர்லினில் சோவியத் எதிர் உளவுப் படை, ஹிட்லரின் பதுங்கு அறைக்கு வெளியே தோட்டத்தில் எரிந்த உடல்களைக் கண்டெடுத்தது. உடற்கூறு பரிசோதனைக்குப் பிறகு தாடை எலும்பும் பல் பாலங்களும் ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்தன. மொழிபெயர்ப்பாளராக இருந்த எலேனா ரிஷெவ்ஸ்காயா என்ற இளம்பெண்ணிடம் அதைக் கொடுத்து, தொலைத்தால் தலை போகும் என்றார்கள். மே 8 அன்று ஊரே சரணடைவுச் செய்தியில் மூழ்கியிருந்தபோது அவர் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். ஹிட்லரின் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த கேத்தே ஹாய்சர்மனைத் தேடிப் பிடித்தார்கள். பல் பாலத்தின் அமைப்பை நினைவிலிருந்தே சொல்லி, பெட்டியில் இருந்ததைப் பார்த்து, இது அவருடையதுதான் என்று அந்தப் பெண் உறுதி செய்தார்.

ஆகவே மே மாதமே ஸ்டாலினுக்குத் தெரியும். ஆனால் அதே மே கடைசியில் அமெரிக்கத் தூதர் ஹாப்கின்ஸிடம் ஹிட்லர் எங்கோ ஒளிந்திருக்கிறார் என்றார். ஜூன் 9 அன்று பெர்லினைப் பிடித்த தளபதி ஷூகவ், உடல் அடையாளம் காணப்படவில்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து ரிஷெவ்ஸ்காயா சொல்லித்தான் ஷூகவுக்குத் தெரிந்தது. உண்மை சொன்ன ஹாய்சர்மன் சோவியத் சிறைக்குப் போனார். ஹிட்லரின் பல்லுக்குச் சிகிச்சை தந்து போரை நீட்டிக்க உதவினார் என்பது குற்றச்சாட்டு. 1955இல்தான் வெளியே வந்தார். அர்ஜென்டினாக் கதை முளைத்தது இந்த மறைப்பில்தான். 2017இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மாஸ்கோவில் அந்தப் பற்களைப் பார்த்து, ஹிட்லருடையவைதான் என்று மறுபடி உறுதி செய்தார்கள்.

டீச்சர், என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவர். நேதாஜியின் ஐ.என்.ஏ. படையில் சேர்ந்ததாக ஒருவர் வந்து சொன்னாராம். அதன் பிறகு தகவல் இல்லை. நேதாஜி ரஷ்யச் சிறையில் இருந்தார் என்று ரகசிய ஆவணம் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் தாத்தா மாதிரி ஆட்களும் அங்கே போயிருக்கலாமா? (வேதாரண்யம் வாசகி)

அம்மா, முதலில் நேதாஜி. அப்படி ஓர் ஆவணம் வரவில்லை. 1945க்குப் பிறகு நேதாஜி தங்கள் நாட்டில் இருந்ததாக எந்தத் தகவலும் இல்லை என்றுதான் ரஷ்ய அரசு இந்தியாவுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. நம் மத்திய அரசு 2016 ஜனவரி 23 முதல் நேதாஜி கோப்புகளை வெளியிட்டது. அவற்றிலும் சைபீரியச் சிறைக்குச் சான்று இல்லை. 1945 ஆகஸ்ட் 18இல் தைவானில் விமான விபத்தில் இறந்தார் என்று 1956இல் நம் அரசு அமைத்த ஷா நவாஸ் குழு சொன்னது, பிறகு கோஸ்லா ஆணையமும் சொன்னது. முகர்ஜி ஆணையம் அதை ஏற்கவில்லை, ரஷ்யாவுக்குப் போனதற்கும் சான்று கிடைக்கவில்லை என்றது. இதற்கு மேல் சொல்லும் வீடியோக்காரர்களிடம் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தாத்தாவை சைபீரியாவில் தேட வேண்டாம்.

ஆனால் ரஷ்ய ஆவணங்கள் நிஜமாகவே காட்டிக்கொடுத்த இந்தியர்கள் உண்டு. சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா பெர்லினில் இந்திய விடுதலைக்காக உழைத்தவர். பிறகு லெனின்கிராடில் ஆய்வாளராக இருந்தார். ஸ்டாலின் காலக் களையெடுப்பில் 1937 செப்டம்பர் 2 அன்று சுடப்பட்டார். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவனி முகர்ஜி அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று சுடப்பட்டார். இந்தத் தேதிகள் பல பத்தாண்டுகள் வெளியே தெரியவில்லை.

தேதி என்று எழுதும்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரி நினைவுக்கு வருகிறது. திதி கொடுக்க நாள் தெரியாமல் உங்கள் பாட்டி மகாளய அமாவாசையில்தான் கொடுத்து வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அப்பாயியும் அப்படித்தான். என் பெரியப்பா பினாங்கு கப்பலில் போனவர், அவரைப் பற்றியும் தகவல் இல்லை. காவிரிக் கரையில் பல வீடுகளில் இப்படித் தகவல் இல்லாமல் போன ஒரு பெயர் உண்டு.

சோவியத் நாட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1937, 38இல் சுடப்பட்டவர்களின் வீட்டாரிடம் "கடிதத் தொடர்பு இல்லாத பத்தாண்டுச் சிறை" என்றார்கள். பத்து ஆண்டு ஆன பிறகு அந்தப் பெண்கள் மறுபடி வரிசையில் நின்று கேட்டார்கள். 1955 ஆகஸ்ட் 24 அன்று கே.ஜி.பி. தன் அலுவலகங்களுக்கு ஒரு ரகசிய உத்தரவு அனுப்பியது. சுடப்பட்டவர் முகாமில் தண்டனையின்போது இறந்தார் என்று வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் பதிவு அலுவலகம் மூலம் இறப்புச் சான்றிதழ் தரலாம். அதில் கைதான நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் ஏதாவது ஒரு தேதியும் இட்டுக்கட்டிய ஒரு நோயும் எழுத வேண்டும். நிமோனியா, மாரடைப்பு. இப்படிச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள் அந்தத் தேதியில் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். தேதி பொய். உண்மையான தேதியையும் காரணத்தையும் பொதுவாகச் சொல்லத் தொடங்கியது 1989இல்தான்.

போரில் ராணுவத் திட்டத்தை மறைப்பது எனக்குப் புரிகிறது. எந்த நாடும் செய்யும், செய்யவும் வேண்டும். ஒரு மகளுக்கு அப்பா இறந்த நாளை மாற்றி எழுதிக் கொடுத்ததால் எந்த எல்லை பாதுகாப்பாக இருந்தது? நான் படித்ததில் இதைவிடக் கொடுமையான காகிதம் இல்லை.

உங்கள் தாத்தாவுக்கு: டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன, 'அபிலேக் படால்' என்ற அவர்களது இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஊர் பெயர் 'தஞ்சூர் டிஸ்ட்ரிக்ட்' என்ற பழைய எழுத்தில்தான் இருக்கும். போரின்போது ஜப்பானியர்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

ரஷ்யாவை மட்டும் சொல்கிறீர்களே, நம் நாட்டில்? (ஒரத்தநாடு வாசகர்)

நியாயமான கேள்வி. 1962 சீனப் போரில் ஏன் தோற்றோம் என்று ஆராய்ந்து லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963இல் கொடுத்த அறிக்கை இன்னும் ரகசியம். 2014இல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் ஒரு பகுதியை வெளியிட்டார், அரசு வெளியிடவில்லை. எந்த இடத்தில் எப்படி உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று சீனர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் பிள்ளையைப் பனியில் பறிகொடுத்த குடும்பங்கள். 1923இல் வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் இருக்கிறது. 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

மித்ரோகின் ஆவணங்களில் இந்திய அரசியல்வாதிகள் கே.ஜி.பி.யிடம் பணம் வாங்கியதாக இருக்கிறதே, யார் யார்? (பட்டுக்கோட்டை வாசகர்)

பெயர் சொல்ல மாட்டேன். வசீலி மித்ரோகின் கே.ஜி.பி. ஆவணக் காப்பாளர். 1970களில் காப்பகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும் பொறுப்பில் இருந்தபோது கோப்புகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து, ஊர்ப்புற வீட்டில் தரைக்கடியில் ஒளித்து வைத்தார். 1992இல் பிரிட்டன் அவரை ஏற்றுக்கொண்டது. அந்தத் துணிச்சல் பெரிது. ஆனால் நம் கையில் இருப்பது அவர் எடுத்த குறிப்புகள், மூலக் கோப்புகள் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உளவு அதிகாரி "இன்னாரை வாங்கிவிட்டேன்" என்று தலைமைக்கு எழுதுவதில் தன் பெருமையும் செலவுக் கணக்கும் கலந்திருக்கும். அதை மட்டும் வைத்து ஒருவரைத் திருடர் என்று சொல்வது தவறு.

நான் ப்ளஸ் டூ படிக்கிறேன். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. இந்த ஆவணங்களை நானே பார்க்க முடியுமா டீச்சர்? (திருவாரூர் மாணவி)

முடியும் கண்ணு. வாஷிங்டனில் வில்சன் மையம் உருவாக்கிய டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு ஏராளமாக இருக்கின்றன, காசு கட்ட வேண்டாம். 'வெனோனா' என்று தேடினால், போர்க்காலத்தில் சோவியத் தூதரகங்கள் அனுப்பிய ரகசியத் தந்திகளை அமெரிக்கர்கள் உடைத்துப் படித்தது கிடைக்கும். ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டிய சங்கேதத் தாள்களை 1942இல் அவசரத்தில் இரண்டு பிரதி அச்சிட்டுவிட்டதால்தான் உடைக்க முடிந்தது. கணக்குப் பாடம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய், அதிலிருந்தே தொடங்கு.

படிக்கும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எழுதியவருக்கு என்ன பயம் இருந்தது. ரகசிய முத்திரை இருப்பதால் மட்டும் ஒரு காகிதம் உண்மையாகிவிடாது. அடித்து வாங்கிய வாக்குமூலத்திலும் அதே முத்திரைதான் இருக்கும். கோலிகவின் அறிக்கையை எடுத்துக்கொண்டு, தகவல்கள் ஒன்று சொல்ல முடிவுரை வேறு சொல்வது எந்தப் பத்தியில் தொடங்குகிறது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்பு. இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் இந்தப் பகுதியிலேயே போடச் சொல்கிறேன். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் வர வேண்டும்.